வாட்ஸ்அப் தபால்காரர்தான், உங்க வீட்டு பீரோ இல்ல!

போன வருஷம் ஜூலை சீசன்ல நான் ஒரு தப்பு பண்ணேன். ஒரு கிளையன்ட்டோட ஃபார்ம் 16-ஐ வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அது அதே பேர்ல இருக்கிற இன்னொரு கிளையன்ட்டுக்குப் போயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, ஒரே டீம். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' அமுக்குறதுக்குள்ள நீல டிக் வந்தாச்சு. ஒருத்தர் சம்பளம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு கேட்டேன். இந்த வருஷம் அதுல ஒருத்தர் என்கிட்ட வரல. அவர் மேல எந்தத் தப்பும் இல்ல.

"வாட்ஸ்அப்லதான் என்கிரிப்ஷன் இருக்கே சார்?"னு கேப்பீங்க. இருக்கு, 2016-லயே எல்லாருக்கும் வந்துடுச்சு. ஆனா அது பாதுகாக்கிறது வழியை மட்டும்தான். தப்பான ஆளுக்கு அனுப்பினா, தப்பான ஆளுக்குப் பத்திரமா போய்ச் சேரும், அவ்வளவுதான்.

பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஏஐஎஸ் ஃபைலோட பாஸ்வேர்டு, உங்க பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தது. இ-ஆதாரோடது, பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். பான் கார்டு போட்டோவையும் அதே சாட்ல போட்டிருந்தா, பூட்டையும் சாவியையும் ஒரே பையில கொடுத்த மாதிரிதான்.

வாட்ஸ்அப்ல பணமே அனுப்புறோமேன்னு கேக்கலாம். 2020-ல வந்த அந்த வசதி யுபிஐ வழியா போகுது. பொதுவா யுபிஐ பின் போடாம பணம் நகராது. சாட்ல கிடக்கிற சம்பள ஸ்லிப்புக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 26ஏஎஸ் தொலைஞ்சா வருமான வரி போர்ட்டல்ல திரும்ப எடுத்துக்கலாம். வீட்டு வாடகை ரசீது சாட்ல மட்டும் இருந்து, பேக்கப் இல்லாம போன் போயிட்டா? எச்ஆர்ஏ-க்கு ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தா கையில ஒண்ணும் இருக்காது.

அதனால நான் இப்போ பண்றது இதுதான்:

1. வாட்ஸ்அப்ல தகவல் மட்டும்: "ரிட்டர்ன் ரெடி, பாருங்க". டாக்குமென்ட் எல்லாம் ஒவ்வொருத்தருக்கும் தனி ஃபோல்டர்ல. அவரும் நானும் மட்டும் திறக்கலாம்.

2. ஆதார் கேட்டா மாஸ்க்டு ஆதார். கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும்.

3. பணம் கேட்டோ, அக்கவுன்ட் நம்பர் மாறிடுச்சுன்னோ மெசேஜ் வந்தா, பழைய நம்பருக்கு போன் பண்ணிப் பேசாம ஒரு ரூபாய் கூட அனுப்புறதில்ல. ஏமாந்துட்டா உடனே 1930-க்கு கூப்பிடுங்க.

வாட்ஸ்அப்பை விடச் சொல்லல, நானும் விடல. தபால்காரர் கதவு வரைக்கும் வரட்டும். பீரோ சாவியை அவர்கிட்ட கொடுக்காதீங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க சாட்ல 'பான்'னு ஒரு தடவை தேடிப் பாருங்க. எத்தனை வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. எண்ணிக்கை மட்டும் போதும், ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்!