பெரிய நிக்கோபாரில் பங்காளி யார்?

பெரிய நிக்கோபார் திட்டத்தின் மீதான விமர்சனம் வலுக்கும்போதெல்லாம் கல்விப்புலத்திலிருந்து ஒரு சமரசக் குரலும் உடன் எழுகிறது. துறைமுகத்தை எதிர்ப்பது வேறு, மின்சாரத்தை எதிர்ப்பது வேறு என்கிறது அக்குரல். திட்ட ஆவணத்தில் உள்ள 450 எம்.வி.ஏ. மின்நிலையத்தில் எரிவாயுவைக் கைவிட்டுச் சூரிய ஒளியோடு காற்றாலைகளையும் சேர்த்தால் என்ன? அவற்றில் நிக்கோபாரியரையும் ஷோம்பேன்களையும் பங்குதாரர்களாக்கினால் என்ன? கனடாவில் அப்படித்தானே செய்கிறார்கள்? கருத்தரங்க மண்டபத்தில் கேட்பதற்கு இனிமையான வாதம். சொல்வோரில் பலர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் வாதம் பிழையானது. பிழை காற்றாலையில் இல்லை, ‘பங்கு’ என்ற சொல்லை அவர்கள் கையாளும் விதத்தில் இருக்கிறது.

பங்காளி என்பவர் யார் என்று தமிழ்நாட்டின் எந்தச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பாட்டன் சொத்தில் பிறப்பால் உரிமை உள்ளவர். அவர் கையெழுத்து இல்லாமல் அச்சொத்து முழுதாகக் கைமாறாது. பங்காளி நண்பராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர் பகையாளி. பங்காளிக் காய்ச்சல் என்று ஒரு தொடரே வழக்கில் உண்டு. வேண்டாதவராயினும் விலக்கிவிட முடியாது என்பதில்தான் அச்சொல்லின் வலிமை இருக்கிறது. அரசாணைகளில் புழங்கும் ‘பயனாளி’ இதற்கு நேர் எதிரானவர். பயனாளி இடும் கையெழுத்து பெற்றுக்கொண்டதற்கானது. பங்காளி இடும் கையெழுத்து விட்டுக்கொடுப்பதற்கானது. பயனாளி மறுத்தால் அவருக்கு வரவேண்டியது வராமல் போகும், அவ்வளவே. பங்காளி மறுத்தால் பேரமே நின்றுபோகும். சமரசவாதிகள் நிக்கோபாரியரைப் பங்காளி என்று அழைக்கிறார்கள். ஆனால் அவர்கள் முன்வைக்கும் ஏற்பாட்டில் நிக்கோபாரியருக்குக் கிடைக்கவிருப்பது பயனாளியின் இடம்தான்.

கனடா எடுத்துக்காட்டையே பார்க்கலாம். கியூபெக்கின் காஸ்பே தீபகற்பத்தில் 2016 இறுதியில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் காற்றாலைப் பண்ணையில் மூன்று மிக்மாக் சமூகங்களுக்கு ஒரு மின் நிறுவனத்தோடு சரிபாதி உரிமை உண்டு. பண்ணைக்குப் பெயரும் அவர்கள் மொழியிலேயே: மெஸ்கிக் உக்ஜூசன், அதாவது பெருங்காற்று. ஒன்டாரியோவின் ஹென்வி இன்லெட் சமூகம், தனக்கெனச் சொந்த நிலச் சட்டத்தையும் சுற்றுச்சூழல் விதிமுறைகளையும் இயற்றிக்கொண்ட பின்னரே தன் ஒதுக்கீட்டு நிலத்தில் 300 மெகாவாட் பண்ணைக்கு இடம் தந்தது. அப்பண்ணை 2019இல் இயங்கத் தொடங்கியது. இவற்றிலும் குறை காண்போர் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் ஹென்வி இன்லெட்டில் நிகழ்ந்தவற்றின் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் நிலம் யாருடையது என்பது தீர்ந்தது, பிறகு அந்நிலத்தில் யார் சட்டம் செல்லும் என்பது தீர்ந்தது, ஒப்பந்தம் அதற்குப் பின், காற்றாடி கடைசியில். இவ்வரிசையின் கடைசி உறுப்பை மட்டும் கப்பலேற்றி நிக்கோபாருக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள் கனடாவிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வரிசை தலைகீழானால் என்ன நேரும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. நார்வேயின் ஃபோசன் தீபகற்பத்தில் சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாடிகள் எழுப்பப்பட்டன. அவற்றுக்கு அளித்த உரிமம் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறியது என்று 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. காற்றாடிகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. தீர்ப்பு வந்து 500 நாள்கள் கழிந்தும் எதுவும் நடவாமையால் சாமி இளைஞர்கள் அமைச்சகத்துக்குள்ளேயே அமர்ந்தார்கள். இழப்பீட்டு உடன்பாடுகள் கையெழுத்தாக 2024 மார்ச் வரை ஆயிற்று. கென்யாவின் துர்க்கானா ஏரிப் பகுதியில் 365 காற்றாடிகள் நிற்கும் நிலத்தின் உரிமைப் பத்திரங்கள் முறைகேடாக வழங்கப்பட்டவை என்று அந்நாட்டு நீதிமன்றம் கூறியதும் அதே 2021இல்தான்.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மலையேறினால் அட்டப்பாடி. அங்கே காற்றாலைகள் நிற்கும் நிலம் பழங்குடியினருக்கு உரியது என்ற புகார் 2010இல் வெடித்துக் கேரள அரசின் விசாரணை வரை சென்றது. அடுத்து வந்த அரசு கண்ட தீர்வு என்ன? காற்றாலைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வருவாயில் ஒரு பகுதி பழங்குடியினருக்குச் சேரட்டும் என்பதே. நிலம் போன பிறகு தரப்படும் பங்குக்குத் தமிழில் வேறு பெயர் உண்டு: ஆறுதல் தொகை.

இனி பெரிய நிக்கோபாருக்கு வரலாம். திட்டம் கேட்கும் பரப்பு 166.10 சதுர கிலோமீட்டர். அதில் 84.10 சதுர கிலோமீட்டர் பழங்குடிக் காப்பு நிலம். ஏறத்தாழ 8,000 பேர் வாழும் தீவில் மூன்று தலைமுறைக்கும் குறைந்த காலத்தில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றுவது இலக்கு. மின்சாரம் யாருக்கு என்ற கேள்விக்கு இவ்வெண்ணே விடை. எரிவாயுவை அகற்றிக் காற்றை வைத்தாலும் அந்த மின்சாரம் துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் புதிய நகரத்துக்குமே போகும். கலாத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் தோல்முதுகுக் கடலாமைக்குப் பாரந்தூக்கியை இயக்குவது டீசலா தென்றலா என்பதில் வேறுபாடு இல்லை. விரிகுடாவின் சரணாலயத் தகுதி 2021 ஜனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது.

ஒப்புதலின் கதை இதைவிடத் தெளிவானது. 2022 ஆகஸ்டில் சிறிய மற்றும் பெரிய நிக்கோபார் பழங்குடி மன்றத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெறப்பட்டது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைகள் கண்டறியப்பட்டுத் தீர்க்கப்பட்டுவிட்டன என்று நிர்வாகம் சான்றளித்ததும் அதே மாதத்தில். பழங்குடி மன்றமோ அந்த நடைமுறை தொடங்கவே இல்லை என்கிறது. அக்டோபரில் வன அனுமதியின் முதற்கட்டம் முடிந்தது; நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே நவம்பரில் மன்றம் தன் சான்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கடிதம் எழுதியது. உரிய தகவல் தரப்படவில்லை, அவசரப்படுத்தப்பட்டோம், 2004 ஆழிப்பேரலைக்கு முன் வாழ்ந்த ஊர்களும் திட்ட எல்லைக்குள் அடங்கும் என்பது தெரியாது என்பவை அதில் சொன்ன காரணங்கள். மூன்று மாத இடைவெளியில் ஒரே அவை தந்த இரண்டு தாள்களில் முதலாவது மட்டுமே ஆவணமாகவும் இரண்டாவது வெறும் கடிதமாகவும் நடத்தப்படுகின்றன. எந்தப் பாகப்பிரிவினை வழக்கிலும் இது எடுபடாது.

ஷோம்பேன்களின் நிலை இன்னும் கடினமானது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். அவர்கள் மொழியைப் பற்றிப் புறவுலகு அறிந்தது அதனினும் சிறிது. 19ஆம் நூற்றாண்டில் டி ரோப்ஸ்டார்ஃபும் இ.எச். மேனும் திரட்டிய சொற்பட்டியல்கள், 2003இல் இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு தொடக்கநிலை விவரிப்பு ஆகியவையே முதன்மைச் சான்றுகள். இவை போன்றவற்றைக் கொண்டு ரோஜர் பிளெஞ்ச் 2007இல் அதனை எக்குடும்பத்தையும் சாராத தனிமொழி எனக் கருதினார். பால் சிட்வெல் 2017இல் அது ஆஸ்திரோஆசியக் குடும்பத்தின் நிக்கோபாரிக் கிளையைச் சேர்ந்ததே என நிறுவ முயன்றார். ஒரு மொழி எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதிலேயே அறிஞர்கள் பத்தாண்டு இடைவெளியில் எதிரெதிர் முடிவுக்கு வருமளவு சான்று குறைந்த நிலையில், முப்பதாண்டுத் திட்டமொன்றை அம்மொழியில் எவர் விளக்கினார்? சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் என்பதற்கு எச்சொல்லை எடுத்தாண்டார்? நாளை காற்றாலையின் பங்குப் பத்திரத்தை எவ்வாறு மொழிபெயர்ப்பார்?

பேச்சுச்செயல் கோட்பாட்டை முதுகலை வகுப்பில் படித்தவர்கள் அறிவார்கள்: வாக்களித்தல், ஒப்புதல் தருதல் போன்றவை வெறும் ஒலிகள் அல்ல, அவை நிறைவேறச் சில நிபந்தனைகள் உண்டு. கேட்கப்படுவது இன்னதெனக் கேட்போருக்குப் புரிந்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். ஷோம்பேன்கள் பலர் வெளியாருடனான தொடர்பையே தவிர்ப்பவர்கள். அதுவே அவர்களின் விடை. பெருந்திட்டங்கள் எழும்போது ஷோம்பேன்களின் நலனுக்கு முதலிடம் தரவேண்டும் என்று 2015இல் வகுத்த கொள்கையை அரசே புரட்டிப் பார்க்கலாம்.

பழங்குடியினருக்குக் கூட்டு நிறுவனம் நடத்தத் தெரியாது, ஆகவே அரசு அவர்கள் சார்பில் பங்கை வைத்திருக்கும் என்றொரு துணைவாதமும் உலவுகிறது. அறியாமையின் உச்சம் இது. நிக்கோபாரியச் சமூகத்தின் அடித்தளம் துஹெட் என்னும் விரிந்த கூட்டுக்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் தனியாளுக்கன்றி துஹெட்டுக்கே உரியவை. மூத்தோர் கூடிப் பகிர்ந்தளிப்பார்கள். கார் நிக்கோபாரில் கொப்பரை வணிகத்தைக் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்திப் பழகியவர்கள் அவர்கள். இந்த அமைப்பைக் குலைத்தது எது? ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நிவாரணம். இழப்பீடும் வீடும் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் தரப்பட்டன. துஹெட் என்ற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. கூட்டுரிமையைப் படிவத்தால் உடைத்துவிட்டு, கூட்டுரிமை தெரியாதவர்கள் என்று அவர்களையே பழிப்பது நயமற்ற செயல்.

தமிழ் ஆய்வுலகம் இதில் வெறும் பார்வையாளர் அன்று. முதலாம் ராசேந்திரன் கொண்ட நாடுகளின் வரிசையில் மாநக்கவாரத்தைக் குறிக்கும் தஞ்சைக் கல்வெட்டு மேடைதோறும் நினைவுகூரப்படுகிறது. தீவின் மக்கள் அதனைப் பதாய் தகாரு என்று அழைப்பதை அம்மேடைகளில் கேட்க முடிவதில்லை. இன்னொரு வரலாறு அண்மையது, பெருமைக்கு உரியதும் அன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 மலையகத் தமிழரின் தலைகளை எண்ணி அவர்களுள் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கிடையே பிரித்தது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி அனுப்பப்பட்டவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபார்க் கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்கென்று குடியமர்த்தப்பட்டன. கேட்கப்படாத மக்கள், கேட்கப்படாத மற்றொரு மக்களின் தீவில். இந்த வரலாற்றைச் சுமப்பவர்கள் ‘தேச நலனுக்காக’ என்ற சொற்றொடரைக் கேட்டதும் சற்றேனும் தயங்க வேண்டும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி அனுபவத்தை வைத்துக்கொண்டு காற்றாலை அறிவை ஏற்றுமதி செய்யப் புறப்படுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தீவுகளுக்கு மாற்று மின்சாரமே வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. டீசலைக் கப்பலில் ஏற்றிவந்து எரிக்கும் முறை அழுக்கானது, செலவு மிக்கது. நெய்வேலி நிறுவனம் 2020இல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலச் சேமிப்போடு அமைத்தது. மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் திட்டத்தோடு சேர்த்துக் கட்டாமலும் பசுமை மின்சாரம் சாத்தியம் என்பதற்கு அது போதும். நிக்கோபாரிய ஊர் ஒன்று தன் தேவைக்குச் சிறு காற்றாடி வேண்டும் என்றால் அதை நிறுவட்டும். அதன் அளவும் இடமும் உரிமையும் அந்த ஊரின் முடிவு. 2004இல் தென்கோடி நிலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் கடலுக்குள் தாழ்ந்த தீவு அது. எங்கே எதை நடலாம் என்பது அங்கே பிழைத்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர்கள் கேட்பது இப்போது காற்றாடி அன்று. ஆழிப்பேரலைக்குப் பின் தற்காலிகம் என்று சொல்லி ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் அமர்த்தப்பட்டவர்கள் இருபதாண்டுகளுக்கு மேலாக ஒன்றையே கேட்டு வருகிறார்கள்: சிங்கென், கோகியோன், புலோ பக்கா, புலோ பஹா, இன் ஹேங் லோய் ஆகிய தம் ஊர்களுக்குத் திரும்ப வேண்டும். சமரசவாதிகள் தங்கள் அடுத்த கருத்தரங்கில் காற்றாலை வரைபடத்தைத் திரையிடும்போது இந்த ஐந்து ஊர்களையும் அதில் குறித்துக் காட்டட்டும். 2022 நவம்பர்க் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டுப் பங்கு விகிதத்தைப் பற்றிப் பேசட்டும்.