படித்த புத்தகத்தையே கொண்டு வாருங்கள்

நோயாளிகளைப் பார்க்க வருவோரின் பையில் ஆப்பிளும் ஆர்லிக்சும் இருக்கும். சிலர் அத்துடன் ஒரு புதிய புத்தகமும் வாங்கி வருகிறார்கள். பழம் அன்றே பங்கிடப்பட்டு விடுகிறது. புத்தகமோ பெரும்பாலும் வீடு திரும்பும் நாள் வரை கட்டிலருகே பிரிக்கப்படாமலே கிடக்கிறது. கொண்டு வந்தவரின் அன்பில் குறையில்லை, புத்தகத்திலும் குறையில்லை. காய்ச்சலின் அசதியிலோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின் உறக்கமும் விழிப்புமாகக் கழியும் நாட்களிலோ, முன்பின் அறியாத பத்துப் பெயர்களை நினைவில் நிறுத்திக் கதையைத் தொடர்வது எளிதன்று. மூன்றாம் பக்கத்திற்கு வருவதற்குள் முதற்பக்கம் நழுவி விடுகிறது. உடனே, தம் அறிவே மங்கிவிட்டதோ என்று நோயாளி அஞ்சத் தொடங்குகிறார்.

அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. படித்தது மனத்தில் தங்காமை அசதியாலும் மருந்தாலும் பலருக்கும் நேர்வதே. (திடீரென ஆளை அடையாளம் தெரியாமற் போதல், பேச்சு குழறுதல், இடம் தெரியாமல் பிதற்றுதல் ஆகியவை வேறு; அவற்றைக் கண்டால் உடனிருப்போர் அக்கணமே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.)

எனவே எங்கள் கருத்தைத் திறந்தே சொல்லி விடுகிறோம். புதிய புத்தகம் இப்போது வேண்டாம். அவர் முன்பே படித்து, விரும்பி, வீட்டில் எடுத்து வைத்திருக்கும் பழைய புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அதை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம். பாதி வரியில் கண்ணயர்ந்தாலும் இழப்பில்லை. அடுத்து வருவது இன்னதென்று தெரிந்திருப்பதே, நாளைய பரிசோதனை முடிவு தெரியாமல் படுத்திருப்பவருக்குப் பெரிய ஆறுதல்.

சின்னமனூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1912இல் பிறந்த அவர் வளர்ந்தது வத்தலக்குண்டில் என்றாலும், பெயரின் முன் நிற்கும் ‘சி’ நம் ஊரைக் குறிப்பது. 1959இல் ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். அவருடைய ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு, அவர் மறைந்த பின் 2001இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அது மூன்று பாகங்கள் கொண்ட பெரிய நூல். வயிற்றில் தையல் போட்டவர் மார்பின் மேல் நிறுத்திப் படிக்க ஏற்றதன்று! ‘வாடிவாசல்’ மெலிந்த நூல். ஒரே பிற்பகலில் நடக்கும் ஜல்லிக்கட்டே கதை.

தன் தந்தை அம்புலியைக் குத்திய காரி என்னும் காளையை அடக்கப் பிச்சி வருகிறான். முதன்முறை படிக்கும்போது, அடக்குவானா மாட்டானா என்ற ஒன்றே நம்மை இழுத்துச் செல்கிறது. மற்றவற்றைப் பாராமல் ஓடி விடுகிறோம். மறுமுறை படிக்கும்போது அந்தப் பதற்றம் இல்லை. அப்போதுதான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்கும் கிழவனின் குரல் காதில் விழுகிறது. எந்தக் காளை எப்படி வரும், எங்கே திரும்பும் என்று ஒரு வாழ்நாள் அறிவை அவர் சொல்லிக்கொண்டே போகிறார். இன்னொரு முறை படித்தால் கண் ஜமீன்தாரிடம் செல்கிறது. விளையாட்டு என்பது ஆடுபவனுக்கு ஒன்றாகவும், மேடையில் அமர்ந்து பார்ப்பவருக்கு வேறொன்றாகவும் இருப்பது அப்போதுதான் உறைக்கிறது. எடுத்து வைக்கத் தகுந்த புத்தகம் எது என்று எங்களைக் கேட்டால் இதைத்தான் அளவுகோலாகச் சொல்வோம்: முடிவு தெரிந்த பின்பும் மிச்சம் வைத்திருப்பது.

அய்யம்பட்டி ஜல்லிக்கட்டை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்த நம் பகுதிப் பெரியவர்களுக்கு இக்கதை இன்னொரு வகையிலும் ஏற்றது. அதில் வருவோர் பேசுவது மதுரைச் சீமைப் பேச்சு. எழுத்தறியாதவருக்கும், கண்புரை அறுவை முடிந்து கண்ணுக்கு ஓய்வு கொடுப்பவருக்கும் வாசித்துக் காட்டினால் தடையின்றி விளங்கும். என்ன பேசுவது என்று தெரியாமல் தந்தையின் கட்டிலருகே செல்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். நாளுக்கு ஐந்து பக்கம் போதும். காளையைப் பற்றிய இடத்தில் அவர் குறுக்கிட்டுத் திருத்தினால் புத்தகத்தை மூடிவிட்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

நோயாளிக்குப் பக்தி நூலோ தன்னம்பிக்கை நூலோதான் ஆகும், சாவு வரும் கதை ஆகாது என்று சிலர் தடுக்கிறார்கள். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கந்த சஷ்டி கவசமோ விவிலியமோ குர்ஆனோ அவர் விரும்பினால் அதுவே அவருக்குரிய மறுவாசிப்பு, தாராளமாக வையுங்கள். விரும்பாதவர் மீது அதைச் சுமத்துவது வேறு. ‘வாடிவாசல்’ முடிவில் சாவும் உண்டு, இரத்தமும் உண்டு. ஆனால் முன்பே படித்தவருக்கு அந்த இடம் எங்கே இருக்கிறதென்று தெரியும். வேண்டாமென்றால் அதற்கு முன் நிறுத்திக்கொள்வார். அறியாத புத்தகத்தில்தான் துயரம் எதிர்பாராமல் வந்து தாக்கும். எதைக் கொண்டு வருவது என்று அவரையே கேட்டு விடுவது நல்லது. ராஜேஷ்குமார் நாவல் என்றால் அதுவே. அம்புலிமாமா தொகுப்பு என்றாலும் நகைக்க வேண்டாம்.

பழைய புத்தகத்தில் ஒரு தொல்லையும் உண்டு. பரணில் கிடந்ததை அப்படியே எடுத்து வந்தால் தூசி ஆஸ்துமா நோயாளிக்கு இளைப்பைக் கிளப்பும். வெளியே தட்டித் துடைத்து, ஒரு பகல் காற்றாட வைத்து, செய்தித்தாள் அட்டை போட்டுக் கொண்டு வாருங்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோருக்கும், நோயெதிர்ப்பு குறைந்த மற்றவர்களுக்கும் பூஞ்சணம் பிடித்த, நமுத்த நாற்றமுள்ள புத்தகம் கூடவே கூடாது. அவர்களுக்கு அதே நூலின் புதிய பதிப்பை வாங்குங்கள். ‘வாடிவாசல்’ இன்றும் அச்சில் கிடைக்கிறது. வீட்டில் இருப்பவற்றுக்கு இராமபாணப் பூச்சி வராமல் இருக்க, நம் பாட்டிமார் செய்தது போல் உலர்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ வைக்கலாம்.

உள் அட்டையில் பெயரை எழுதி வையுங்கள். வீடு திரும்பும் அவசரத்தில் மருந்துச் சீட்டும் ஸ்கேன் உறையும் நினைவிருக்கும். புத்தகம் தலையணைக்கு அடியில் நின்றுவிடும். கட்டிலை விட்டு எழும் முன் ஒருமுறை அங்கே கைவிட்டுப் பார்த்துவிடுங்கள்.