ஊசிக்கு முன் ஒரு கேள்வி

அறுவைச் சிகிச்சைக்கு முன், "நீங்கள் ஆரிய வைசியரா?" என்று கேட்கும் மயக்கவியல் மருத்துவர்கள் தென்னிந்தியாவில் உண்டு. சாதி விசாரிப்பதாகத் தோன்றும், காரணம் வேறு. மூச்சுக்குழாய்க்குள் டியூப் செலுத்தத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசியை, ரத்தத்திலுள்ள ஒரு நொதி சில நிமிடங்களில் சிதைத்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த அந்தச் சமூகத்தில், இந்த நொதிக் குறைபாடு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குறைபாடு உள்ளவருக்கு அதே ஊசி போட்டால் மணிக்கணக்கில் தானாக மூச்சுவிட முடியாது, வென்டிலேட்டர்தான் கதி.

ஆனால் சாதிப் பெயர் வெறும் குத்துமதிப்பு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு இக்குறை கிடையாது. வேறு எவருக்கும் இருக்கலாம். எதிரே படுத்திருப்பவரின் உடம்பு என்ன சொல்கிறது என்பதே கேள்வி. தனிநபர் மருத்துவம் தேடுவது அந்தப் பதிலைத்தான்.

அதை மரபணுவில் தேடப் போனால் ஒரு சிக்கல்: உலகின் மரபணு ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே நடந்தவை. இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடிய ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பது 2009-இல்தான் வெளிவந்தது. ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் அகப்பட்டிருக்காது. 2020-இல் தொடங்கிய 'ஜீனோம் இந்தியா' திட்டம் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

இது பாதிக் கிணறுதான். எந்த மருந்து, எவ்வளவு, கொடுத்தபின் என்ன ஆயிற்று என்பதும் தெரிந்தால்தான் யாருக்கு எது ஒத்துவரும் என்று கணினியால் கணிக்க முடியும். அந்தத் தகவலோ வீட்டு மஞ்சப்பையில், பழைய ஸ்கேனுக்கும் மங்கிய ஓ.பி. சீட்டுக்கும் நடுவே கிடக்கிறது. மருத்துவமனைக் கணினியில் ஒவ்வாமைக் கட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் ஊழியரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். கூடுதல் ஆள் போடுவது அரசின் கடமை. பக்கவிளைவை ஒரு வரியாவது எழுதுவது மருத்துவரின் கடமை. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது நம் கடமை.

தகவல் கொடுத்தவரை அதை வைத்தே தண்டிக்கவும் கூடாது. மரபணுவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டை மறுப்பதை அமெரிக்கா 2008-இலேயே சட்டத்தால் தடுத்தது. நம்மிடம் 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மரபணுப் பாகுபாட்டுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. கட்சிகள் சண்டை போட இதில் எதுவும் இல்லை, சேர்ந்தே கொண்டுவரலாம்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிட்டுத் தடிப்பு, தலைச்சுற்றல் என்று வந்தால், 2010 முதல் நடக்கும் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்துக் கடைகள் இதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தால் ஆகும் செலவு ஒரு தாள்.