பட்டுக்கு உண்டு தராசு

ஆரணியில் பட்டு நூலைக் கண் மதிப்பில் கொடுக்கிற வழக்கம் கிடையாது. முதலாளி வீடாகட்டும், சொசைட்டி ஆகட்டும், பாவு, ஊடை, ஜரிகை மூன்றையும் எடை போட்டுத்தான் நெசவாளி கையில் கொடுப்பார்கள். புடவை நெய்து வந்ததும் மறுபடி தராசு. போன எடைக்கும் வந்த எடைக்கும் கணக்கு உதைத்தால் கூலியில் உதைக்கும். பட்டு ஈரத்தைக் குடித்தால் எடை கூடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதனால் விரலால் தடவிப் பார்த்து, "இன்னாபா, மழையில காயப் போட்டியா?" என்று கேட்கிற கில்லாடிகளும் உண்டு.

இத்தனை கறாரான ஊரில், தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆளை எடை போட ஒரு தராசு இல்லை. ஆரணியைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் ஊரிலும் அப்படித்தான், என் ஊரிலும் அப்படித்தான். சட்டை தொளதொளக்கும், மோதிரம் கழன்று விழும், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடுவோம். "எளைச்சிட்டியே" என்று யாராவது கேட்டால், "வேலை ஜாஸ்திண்ணா" என்று சமாளிப்போம்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் இதே கதைதான். ஸ்கேன், பயாப்ஸி, ரத்தப் பரிசோதனை என்று ஃபைல் குண்டாகிக்கொண்டே போகும். ஆள் மெலிந்துகொண்டே போவார். கேட்டால், "அந்த நோயே அப்படித்தான் ஸார், உருக்கிடும்" என்று விதியின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். இந்த வாரம் அந்த விதியோடு கொஞ்சம் வழக்காடலாம்.

*

முதலில், ஏன் மெலிகிறார்? சாப்பிடாததால்தானே என்பீர்கள். பாதி சரி.

ஆரோக்கியமான மனிதர் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் உடம்பு சிக்கனமாகிவிடும். கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும், தசையை முடிந்தவரை காப்பாற்றும். நல்ல குடும்பத் தலைவி மாதிரி. புற்றுநோயில் அந்தக் குடும்பத் தலைவிக்குப் புத்தி தடுமாறிவிடுகிறது. கட்டியும், அதை எதிர்க்கிற நம் உடம்பும் சேர்ந்து சுரக்கிற சில ரசாயனங்கள் மூளைக்குப் போய்ப் பசியை அணைக்கின்றன. தசைக்குப் போய், "கரை" என்று உத்தரவு போடுகின்றன. ஓரளவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தசை கரையும். டாக்டர்கள் இதை 'கேக்கெக்ஸியா' என்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. புற்று செல்கள் சர்க்கரையை முழுசாக எரிக்காமல் அரைகுறையாகப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாகத் துப்புகின்றன. ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே இதைக் கண்டுபிடித்தார். துப்பிய அமிலத்தைக் கல்லீரல் பொறுக்கி எடுத்து மறுபடி சர்க்கரையாக்கி அனுப்புகிறது. இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்த கோரி தம்பதிக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. கணக்கைப் பாருங்கள். ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து கட்டிக்குக் கிடைக்கிற சக்தி 2 பங்கு. அதைத் திருப்பிச் செய்ய கல்லீரல் செலவழிப்பது 6 பங்கு. கந்து வட்டிக்காரன் கூடக் கொஞ்சம் இரக்கம் காட்டுவான்.

பட்டு நூல் என்பது புரதம். நம் தசையும் புரதம்தான். பட்டுப்புழு முசுக்கட்டை இலையை ஏறக்குறைய 25 நாள் விடாமல் தின்று, பிறகு வாயை மூடிக்கொண்டு, சேர்த்துவைத்த புரதத்தை நூலாக நூற்றுத் தள்ளுகிறது. அதற்குப் பலன், கூடு. நோயாளியும் வாயை மூடிக்கொண்டுதான் தன் புரதத்தைச் செலவழிக்கிறார். நெய்தவர் கண்ணெதிரே பாவு தானாகவே பிரிகிற மாதிரி. பலன்தான் ஒன்றும் இல்லை.

இதனால் வருகிற நஷ்டம் அழகு சம்பந்தப்பட்டது இல்லை. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்து 1980-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கீமோதெரபி தொடங்கும் முன்பே எடை இழந்தவர்கள், பெரும்பாலான புற்று வகைகளில், மற்றவர்களை விடக் குறைந்த காலமே உயிரோடு இருந்தார்கள். தசை குறைந்தவருக்கு மருந்தின் பக்க விளைவு அதிகம். பக்க விளைவு அதிகமானால் டாக்டர் டோஸைக் குறைப்பார், அல்லது தள்ளிப்போடுவார். நோய்க்கு அது போனஸ்.

*

இந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து சேர்கிறது நலம் விசாரிப்போர் படை. அதில் மூன்று ரகம்.

முதல் ரகம், ஆப்பிளும் பன்னும் வாங்கி வருபவர். நோயாளிக்கு வாயெல்லாம் புண். ஆப்பிளைப் பேரப் பிள்ளைகள் தின்பார்கள். நல்லதுதான்.

இரண்டாவது ரகம், பத்தியக்காரர். "முட்டை சூடு, பால் சளி, மீன் ஆவாது, பருப்பு வாயு. கஞ்சி மட்டும் குடு நைனாவுக்கு" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டுவார். பரீட்சையில் கழித்தலில் மட்டும் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார் போலிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணிக் கஞ்சியில் இருக்கிற புரதம் 2 கிராம் தேறினால் பெரிய விஷயம்.

மூன்றாவது ரகம், செல்போனில் படித்தவர். "சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி. இனிப்பு, சோறு எல்லாத்தையும் நிறுத்து, கட்டி பட்டினியில செத்துரும்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டி சர்க்கரையை விரும்புவது உண்மை. பெட் ஸ்கேனில் சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஊசி மூலம் செலுத்தி, அது எங்கே போய்க் குவிகிறது என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் வாயால் சாப்பிடாவிட்டால் கல்லீரல் சும்மா இருக்காது. தசையைக் கரைத்து அதிலிருந்து சர்க்கரை செய்து ரத்தத்தில் விடும். கட்டி பட்டினி கிடக்காது, தொடை கிடக்கும்.

நீரிழிவும் சேர்ந்து இருப்பவர் பாடு இன்னும் சிக்கல். கீமோவோடு கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையால் சர்க்கரை திடீரென்று ஏறும். நாலு நாள் சாப்பிட முடியாமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம் போலப் போட்டுக்கொண்டால் இறங்கி மயக்கம் போடும். ஆகவே இவர்கள் வேண்டியது, அடிக்கடி சர்க்கரை பார்ப்பதும், டாக்டரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றுவதும். சாப்பாட்டைப் பூட்டி வைப்பது இல்லை.

*

சரி, பசியே இல்லை என்றால் எப்படிச் சாப்பிடுவார்? இதற்குப் பதில் தேடியவர்கள் எங்கேயோ பாஸ்டனில் இல்லை. பக்கத்தில், புதுச்சேரி ஜிப்மரில்.

வயிறு, கல்லீரல், கணையம், நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் கீமோ தொடங்குகிற 124 பேரை அங்கே இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓலன்ஸாபின் என்ற மாத்திரை தினம் இரண்டரை மில்லிகிராம், 12 வாரம். மற்ற பிரிவுக்கு மாத்திரை மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2023-ல் முடிவு வெளியானது. எடை 5 சதவிகிதத்துக்கு மேல் கூடியவர்கள், மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 பேர். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அதே வருஷம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி இந்த மருந்தைச் சேர்த்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஓலன்ஸாபின் மனநோய்க்காக வந்த பழைய மாத்திரை. விலையும் அதிகமில்லை. மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது மென்டலுக்குக் குடுக்கறதாச்சே" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். "எங்க அப்பாவுக்கு என்ன பைத்தியமா?" என்று மாத்திரை குப்பைக்குப் போய்விடும். எதற்கு எழுதினார் என்று எழுதியவரையே கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் நாமே வாங்கிப் போட்டுக்கொள்வதும் தப்பு. தூக்கம் வரும், சர்க்கரையைக் கூட்டும்.

இதே மாதிரிதான் குழாயும். தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அடைப்பு இருந்தால் மூக்கு வழியாகவோ வயிற்றில் துளை போட்டோ குழாய் வைக்கச் சொல்வார்கள். உடனே வீட்டில் அழுகை. "குழாய் போட்டா கடைசின்னு அர்த்தம்." இல்லவே இல்லை. அந்தப் பாதை அடைபட்டிருக்கிற இரண்டு மூன்று மாதத்தில் ஆளைத் தெம்பாக வைத்து, சிகிச்சையை முழுசாக முடிக்கத்தான் பல பேருக்குக் குழாய். முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.

*

எடை போடுவதால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்குக் காசநோயைக் காட்டலாம். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு மருந்தோடு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2023-ல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடம் மரணம் வெகுவாகக் குறைவாக இருந்தது. தமிழ்நாட்டிலேயே 2022-ல் 'காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கினார்கள். நோய் தெரிந்த அன்றே உயரம், எடை, பாத வீக்கம், மூச்சு, ஆக்ஸிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். புற்றுநோய் வேறு நோய்தான். சாப்பாடு மட்டும் அதைக் குணமாக்காது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாது, அப்போது வாயில் திணிப்பது பாவம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற நீண்ட காலத்தைத்தான் நாம் பத்தியத்தில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே ஒரு சின்னக் கணக்கு. ஐம்பது கிலோ உள்ளவர் ஆறு மாதத்துக்குள் இரண்டரை கிலோ, அதாவது 5 சதவிகிதம், முயற்சி செய்யாமலே இழந்தால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லவேண்டும். மூன்று நாலு பட்டுப்புடவை எடைதான். ஏற்கெனவே ஒல்லியானவர் என்றால் ஒரு கிலோவே போதும். வாரம் ஒரு நாள், அதே தராசு, காலையில் வெறும் வயிற்றில். பாதமோ வயிறோ வீங்கியிருந்தால் எடை பொய் சொல்லும். ஈரப் பட்டு மாதிரி.

புரதம், கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராம் குறைந்தபட்சம். ஐம்பது கிலோ ஆளுக்கு 60 கிராம். பெரிய பவுடர் டப்பா இல்லாமலே இதை எட்டலாம். வேகவைத்த முட்டை இரண்டில் 12. அரை லிட்டர் பாலோ தயிரோ 16. ஐம்பது கிராம் துவரம்பருப்பில் 11. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. இருநூறு கிராம் ஆரணி அரிசியை வடித்த சோற்றில் 14. கூட்டிப் பாருங்கள். கடலையை மெல்ல முடியாவிட்டால் அரைத்துக் கலக்கலாம். மீன் சாப்பிடுகிறவருக்கு இன்னும் சுலபம். சிறுநீரகக் கோளாறு இருப்பவரும், வயிற்றில் ஆபரேஷன் ஆனவரும் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளவேண்டும்.

மூன்று வேளை தட்டு நிறைய வைத்துப் பயமுறுத்தாமல், இரண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு சின்னக் கிண்ணம். வாய்ப்புண்ணுக்குக் காரத்தைக் குறையுங்கள், ஆறவைத்துக் கொடுங்கள். முடிந்தவரை தெருக்கோடி வரை நடக்க விடுங்கள். வேலை கொடுக்காத தசையில் புரதம் தங்காது.

ஆரணியிலிருந்து வேலூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறுபவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, தேதியும் எடையும் எழுதுங்கள். டாக்டர் அவசரத்தில் கேட்காவிட்டாலும் நீங்களே நீட்டுங்கள். "போன மாசம் ஐம்பத்தி ரெண்டு, இப்ப நாப்பத்தொம்பது. என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள்.

அப்புறம், நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு: ஆப்பிள் வேண்டாம். ஒரு டஜன் முட்டை வாங்கிப் போங்கள். அந்த வீட்டில் முட்டை தொடமாட்டார்கள் என்றால், ஒரு கிலோ துவரம்பருப்பு. அறிவுரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.