தாமரை இலையும் தண்ணீரும்

பற்றற்று வாழ்பவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று சொல்வது நம் தமிழ் வழக்கு. உவமை நெடுங்காலமாக நம்மிடம் இருக்கிறது. தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்ற வினாவுக்கு விடையோ வேறிடத்தில் பிறந்தது.

1970களில் ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் இலைகளை ஆராய்ந்து வந்தார். சில வகை இலைகள் கழுவாமலே தூய்மையாக இருப்பதைக் கண்டு வியந்தார். அவற்றுள் தலையாயது தாமரை. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் அவ்விலையில் நுண்ணிய மேடுகள் நிறைந்துள்ளன. அம்மேடுகளின்மேல் மெழுகுத் துகள்கள் படர்ந்துள்ளன. நீர்த்துளி மேடுகளின் நுனியில் மட்டும் தங்குகிறது. அடியில் காற்று நிற்கிறது. ஆகவே துளி உருண்டையாகித் தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. 1997இல் நைன்ஹூயிஸ் என்பாருடன் அவர் இதனை விரிவாக எழுதி வெளியிட்டார். 1999இல், மழையிலேயே அழுக்கு நீங்கும் சுவர்ப்பூச்சு ஒன்று இம்முறையில் விற்பனைக்கு வந்தது.

மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரில் தாமரைமேல் வீற்றிருக்கும் இலக்குமியை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஓவியன் தாமரையில் அழகைக் கண்டான். அறிஞர் அதன் இலையில் காரணத்தைக் கண்டார். இருவர்க்கும் முதற்கருவி உற்றுநோக்கும் கண்ணே.

இதைக் கொண்டு, ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று மார்தட்ட வேண்டா. அவர்கள் கூர்ந்து கண்டது உண்மை. காரணத்தை ஆராய்ந்து பயனாக்கியவர் பிறர். அவரவர் பெருமை அவரவர்க்கு உரியது.

படம் வரையும் பிள்ளையின் தாளைப் பறித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திணிப்போர் நம்மிடையே உளர். பிழைக்க வந்த ஊரில் மக்களின் எதிர்காலம் குறித்து அஞ்சுவது இயல்பே. ஆயினும் இலையின் நரம்பைப் பார்த்து வரையும் குழந்தை நேரத்தை வீணாக்கவில்லை. ஆராய்ச்சியின் முதற்படியில் ஏறி நிற்கிறது. அதனைக் கீழே இறக்குவது முறையன்று.

கொச்சங்காடியில் தாமரைக் குளம் தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் வேலியோரம் தழைக்கும் சேம்பிலைக்கும் இதே இயல்பு உண்டு. இலையில் சிறிது சாம்பல் தூவி, நீர் தெளித்துச் சற்றே சாய்த்துக் காட்டுங்கள்; துளிகள் சாம்பலைச் சுமந்து உருளும். பின்னர் ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்து மீண்டும் நீர் விடுங்கள். மெழுகு அழிந்த அவ்விடத்தில் நீர் ஒட்டும். ‘ஏன்?’ என்று குழந்தை கேட்கட்டும். கண்டதை வரையவும் செய்யட்டும். உவமையின் பொருளையும் அப்போதே தமிழில் சொல்லிக்கொடுங்கள்.