காடு நடுநிலை வகித்தது, பேரரசு?

பிரெடி ஸ்பென்சர் சப்மன் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியைப் பற்றி எழுதுவோர் பலரும், ஜப்பானியர் பிடித்திருந்த மலாயாக் காட்டில் மூன்றாண்டுகளுக்கு மேல் தனித்து நின்றவர் என்றே அவரைப் போற்றுகின்றனர். அந்தத் ‘தனித்து’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

அவருடைய வீரத்தை நான் மறுக்கவில்லை. கிரீன்லாந்தின் பனியில் பயணித்தவர். 1937இல் இமயத்தின் சோமோல்ஹரி சிகரத்தை எட்டியவர். சீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவிலிருந்து கொமாண்டோப் போர்முறைக்கு வந்தவர். 1942இன் தொடக்கத்தில் இரு தோழர்களுடன் தஞ்சோங் மாலிம் பகுதியில் இரண்டு வாரங்கள் தண்டவாளங்களையும் பாலங்களையும் இராணுவ லொறிகளையும் தகர்த்தார். (எதிரிக்கு ஏற்பட்டதாகச் சொல்லப்படும் இழப்பு 500 முதல் 1,500 பேர் வரை. அது அவர் தரப்புக் கணக்கு.)

வெடிமருந்து தீர்ந்த பின்னர் என்ன நடந்தது? மலேரியாவில் விழுந்து கிடந்தவருக்குச் சோறும் கூரையும் காவலும் தந்தவர்கள் மலாயாக் கம்யூனிஸ்டுகளின் கெரில்லாக்கள். அவர்களுக்கு அரிசியும் செய்தியும் சுமந்து வந்தவர்கள் காட்டோரத்துச் சீனக் குடியானவர்கள். பிடிபட்டால் உயிர் போகும் என்று தெரிந்தே சுமந்தார்கள். ‘காடு நடுநிலையானது’ என்று பொருள்படும் தலைப்பில் 1949இல் வெளிவந்த தமது நூலில் சப்மன் இவர்களை மறைக்கவில்லை. மறைத்தவர்கள் பின்னால் வந்த புகழுரைக்காரர்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ‘மலாயன் பென்சனியர்’ வீட்டு அலுமாரியில்தான் அந்நூலை முதன்முதலாகக் கண்டேன். அந்தப் பெரியவரிடம் சப்மனைப் பற்றிக் கேட்டால், யுத்தகாலத்தில் தமக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுத்த ஒரு சீனக் கிழவியைப் பற்றித்தான் சொல்வார்.

1943இன் இறுதியில், இலங்கையிலிருந்து நீர்மூழ்கியில் வந்திறங்கிய போர்ஸ் 136 அதிகாரிகள் பேராக் மலைக்காட்டில் கெரில்லாக்களோடு உடன்பாடு செய்தனர். சப்மனும் அங்கிருந்தார். இரு தரப்புக்கும் இணைப்பாக நின்றவர் சின் பெங் என்ற இளைஞர். 1945 மே மாதம் பங்கோர் தீவருகே நீர்மூழ்கி ஏறி வெளியேறிய சப்மனின் மார்பில் டி.எஸ்.ஓ. பதக்கம் இருமுறை ஏறியது. சின் பெங்குக்கும் ஓ.பி.ஈ. விருது அறிவித்தார்கள். 1948இல் அவசரகாலச் சட்டம் வந்ததும் அதைப் பறித்தார்கள். பிறகு, அதே மனிதரை உயிரோடு பிடித்துத் தருவோருக்கு இரண்டரை இலட்சம் மலாயா டொலர் என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

சின் பெங்கின் ஆயுதப் போராட்டத்தில் அப்பாவிகளும் மடிந்தனர். அவரைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. ஆனால் 1989இல் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னரும் அவருக்குச் சொந்த மண் திறக்கப்படவில்லை. 2013 செப்டெம்பரில் பாங்கொக்கில் இறந்தார்.