கடல் வாந்திக்கு மாத்திரை

கேள்வி: சம்பா அறுவடை முடிந்ததும் விசைப்படகு வேலைக்குப் போகும் மகனுக்குக் கடலில் ஓயாத வாந்தி, அசதி. மாத்திரை கொடுத்தனுப்பலாமா?
- ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்.

பதில்: மருத்துவரைக் கேட்டுக் கொடுக்கலாம். படகேறுவதற்கு 1 மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் முற்றியபின் போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். இவ்வகை மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவழைப்பவை. இரவெல்லாம் வலை இழுத்து உறக்கம் கெட்டவர், அந்த மயக்கத்தோடு வின்ச் பக்கம் நிற்பது வாந்தியைவிட ஆபத்து. கம்பிக் கயிற்றில் கை சிக்கினால் போயிற்று! மாத்திரை போட்டதைப் படகு டிரைவரிடம் சொல்லி, முதலில் தூங்கி எழ வேண்டும். வெறும் வயிறும் ஆகாது; உப்புப் போட்ட கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். டீசல் புகை படாமல், ஆட்டம் குறைந்த நடுப்படகில் அடிவானத்தைப் பார்த்து உட்காரலாம். பெரும்பாலோருக்கு 2, 3 நாளில் உடம்பு பழகிவிடும். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் குறைந்தால், மீன் கிடைக்காவிட்டாலும் கரை திரும்ப வேண்டும்.